'ஓகே' சொல்வதற்கு முன்னால்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நான் சிங்கப்பூருக்கு வந்த மூன்றாவது வாரம். துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட். சூப்பர்வைசர் சீனர், அறுபதை நெருங்கியவர். எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். போகிற போக்கில் என்னிடம் ஏதோ சொன்னார். என் காதில் விழுந்தது "ஃபிஃப்டி பேலட், பே த்ரீ". "அண்டர்ஸ்டாண்ட் ஆ?" என்றார். "ஓகே அங்கிள்" என்றேன்.

விடிகாலை நாலு மணி வரை நானும் இன்னும் இரண்டு பேருமாக ஐம்பது பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கிய தட்டுகளை, 'பே த்ரீ' என்கிற மூன்றாம் எண் பகுதிக்குக் கொண்டுபோய் அடுக்கினோம். அவர் கேட்டது பதினைந்து. ஃபிஃப்டீன். மீதி முப்பத்தைந்தையும் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டுத்தான் டார்மிட்டரி பஸ்ஸில் ஏறினோம். கூட வந்த இரண்டு பேரும் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

அவர் வேகமாகச் சொன்னார், நான் தப்பாகக் கேட்டேன். இரண்டும் எந்த ஊரிலும் நடக்கிறதுதான். ஆனால் அவர் சொன்னதும் நான் கேட்டதும் ஒன்றுதானா என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு 'ஓகே' வந்து எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிட்டது. இப்போது புதிதாக வருகிற தம்பிகளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். அவர்களும் அதே 'ஓகே'யைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதல் படி: காதைப் பழக்குங்கள்

ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இங்கே வந்தால் முதல் மாதம் தலை சுற்றும். இங்கே பேசும் ஆங்கிலத்துக்கு மலாய், சீன மொழிகளின் சாயல் உண்டு, கொஞ்சம் தமிழ் வாடையும் உண்டு. தப்பான ஆங்கிலம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். அதற்கும் ஒழுங்கு இருக்கிறது, பிடிபட்டால் சுலபம்.

என்னைக் குழப்பியவற்றில் சிலதைச் சொல்கிறேன். "ஹி நெவர் கம்" என்றால் அவன் ஒருபோதும் வரமாட்டான் என்று நினைத்தேன். அவன் வரவில்லை, அவ்வளவுதான். "லாஸ்ட் டைம்" என்றால் போன தடவை என்று நினைப்போம்; இங்கே பெரும்பாலும் 'முன்பெல்லாம்' என்று பொருள். "லாஸ்ட் டைம் திஸ் டோர் ஓப்பன்" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கதவைப் பத்து வருஷத்துக்கு முன்பே பூட்டியிருக்கலாம். "ஐ சென்ட் யூ" என்றால் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அர்த்தம். "ஈட் ஆல்ரெடி" என்பது நம்முடைய 'சாப்பிட்டாச்சு'தான்.

'கேன்' ஒன்றுக்கே தனிப் பாடம் வேண்டும். "கேன்?" என்று கேட்பார்கள், "கேன்" என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்தது. "கேன் லா" என்றால் கவலைப்படாதே, முடியும். "கேன் மே?" என்று இழுத்தால் நிஜமாகவே முடியுமா என்ற சந்தேகம். "கெனாட்" என்று முகத்துக்கு நேரே சொல்வது நமக்குச் சுருக்கென்று இருக்கும். அதில் கோபம் எதுவும் இல்லை, முடியாது என்ற தகவல் மட்டும்தான். "சீ ஹவ்" என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். 'பார்க்கலாம்' என்று நாம் ஊரில் சொல்வோமே, அதே பார்க்கலாம்தான்.

'லா' போடுவதற்கு அவசரப்படாதீர்கள். நம் 'வாப்பா', 'போடா'வில் வரும் 'ப்பா'வும் 'டா'வும் மாதிரி அது. எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்பது காதுக்குத் தெரிந்த பிறகு தானாக வரும். அதுவரை சாதாரண ஆங்கிலமே நிதானமாகப் பேசினால் போதும், எல்லாருக்கும் புரியும்.

இரண்டாம் படி: திருப்பிச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1977 மார்ச் 27. கேனரி தீவுகளில் ஒன்றான டெனெரீஃபில், பனிமூட்டத்துக்கு நடுவே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். ஒன்று டச்சு, மற்றொன்று அமெரிக்க விமானம். டச்சு விமானத்திலிருந்து 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்கிற மாதிரி ஒரு செய்தி போனது. கிளம்பும் இடத்தில் நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு கோபுரத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. அவர் 'ஓகே' என்றார். தொடர்ந்து, 'காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்றும் சொன்னார். அதே நொடியில் அமெரிக்க விமானத்திலிருந்தும் ரேடியோவில் பேசியதால் அந்த வார்த்தைகள் இரைச்சலில் அமுங்கிப் போயின. டச்சு விமானத்துக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது 'ஓகே' மட்டும்தான். 583 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு விமானப் பேச்சு முறை இறுகியது. கிளம்ப அனுமதி தரும்போதோ அதை ரத்துசெய்யும்போதோ தவிர வேறு நேரத்தில் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையே எடுப்பதில்லை. முக்கியமான உத்தரவு வந்தால் 'ஓகே' என்று நிறுத்தாமல், உத்தரவையே திருப்பிச் சொல்ல வேண்டும்.

நம் வேலைக்கும் அதுவே பொருந்தும். அங்கிள் ஒன்று சொன்னால் இப்படித் திருப்பிச் சொல்லுங்கள்: "பேலட் ஒன்-ஃபைவ். பே த்ரீ. டுநைட். கரெக்ட்?" எத்தனை, எங்கே, எப்போது என்ற மூன்றும் அதில் வந்துவிட வேண்டும். எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். ஒன்-ஃபைவும் ஃபைவ்-ஸீரோவும் குழம்பவே குழம்பாது. பெயர், பார்ட் நம்பர் என்றால் எழுத்துக்கு எழுத்து: "பி ஃபார் பாய், டி ஃபார் டாக்". போர்க்லிப்ட் ஓடும் இடத்தில் 'பி'யும் 'டி'யும் ஒரே சத்தம்தான்.

இப்படிச் செய்தால் மந்தமானவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். நானும் பயந்தேன். இரண்டு நாளில் அங்கிளுக்குப் பழகிவிட்டது. நான் திருப்பிச் சொல்லும் வரை அவரே நின்று பார்ப்பார்.

புரியாதபோது "புரியலை" என்று மொத்தமாகச் சொல்வதால் பயன் இல்லை. அவர் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார், அவ்வளவுதான். எது புரியவில்லையோ அதை மட்டும் கேளுங்கள்: "பே த்ரீ ஓகே. ஹவ் மெனி?" புரிந்ததை முதலில் சொல்லி, புரியாததைப் பின்னால் கேட்டால் எதிரில் இருப்பவருக்கும் எரிச்சல் வராது.

வேலை சொல்லும் இடத்தில் நீங்கள் இருந்தால், "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு நம் ஆட்களிடமிருந்து ஒரே ஒரு பதில்தான் வரும். "எதிலேருந்து ஆரம்பிப்பே தம்பி?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலிலேயே புரிந்தது எவ்வளவு, புரியாதது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: தலையாட்டல்

பக்கவாட்டில் தலையை ஆட்டினால் நமக்குச் 'சரி'. பார்க்கிற சீனருக்கும் பிலிப்பினோவுக்கும் அது ஆமாமா, இல்லையா, தெரியாதா என்று புரியாது. தலை ஆடட்டும், அதை நிறுத்த முடியாது. கூடவே வாயால் "யெஸ்" அல்லது "நோ" சொல்லிவிடுங்கள். விரல் நீட்டி ஆளைக் காட்டாதீர்கள். மலாய்க்காரர்கள் கட்டைவிரலால் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அது மரியாதை. மலாய்ப் பெண்மணி கைகொடுக்காமல் நெஞ்சில் கை வைத்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பயிற்சி வகுப்புகளில் 'பேச்சில் 93 விழுக்காடு உடல்மொழிதான், சொல் வெறும் 7' என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்து எடுத்த கணக்கு அது. சொல் ஒன்றும் குரல் வேறொன்றும் காட்டும்போது, கேட்பவர் பேசுபவரின் விருப்பு வெறுப்பை எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதைத்தான் அவர் பார்த்தார். பேலட் எண்ணிக்கையை முகபாவத்தால் சொல்லிவிட முடியாது.

நான்காம் படி: கூப்பிடும் முறை

வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் அங்கிள், ஆன்ட்டி. டாக்சி ஓட்டுபவர், காய்கறிக் கடைக்காரர், துப்புரவு செய்பவர் எல்லாருக்கும் இது பொருந்தும். நாற்பதைத் தொடாத பெண்ணை ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள். அலுவலகத்தில் மேலாளரையே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். வாய் வராது. 'சார்' போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் அவர் இரண்டு முறை வேண்டாம் என்று சொன்ன பிறகு பெயரையே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

நம் நிறத்தில் இருப்பவரெல்லாம் தமிழர் என்று எடுத்த எடுப்பில் தமிழில் தொடங்க வேண்டாம். மலையாளியாக, பஞ்சாபியாக, மலாய்க்காரராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் தொடங்கி, "தமிழ் பேசுவீங்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வார்கள். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்பாகப் பேசி உங்கள் முன்னால் சிரிப்புக்கு ஆளாகக் கூடாதே என்ற கூச்சம் பல பேருக்கு. நமக்கு ஆங்கிலத்தில் இருக்கிற அதே கூச்சம்தான்.

ஐந்தாம் படி: தமிழரிடம் தமிழில் பேசும்போதும்

தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ரயில் நிலையப் பலகை முதல் கட்டட வேலியில் தொங்கும் அபாய எச்சரிக்கை வரை தமிழைப் பார்க்கலாம். அப்படியானால் நம் ஆளிடம் குழப்பமே வராது என்று நினைத்தேன்.

உள்ளூர் அண்ணன் ஒருவரிடம் இருபது வெள்ளி கைமாற்று வாங்கியிருந்தேன். ஒரு புதன்கிழமை தேக்கா சந்தையில் பார்த்தபோது, "வெள்ளி வந்துடும்ல தம்பி?" என்று கேட்டார். நான் உற்சாகமாக, "வந்துடும்ணே, இன்னும் ரெண்டு நாள்தானே" என்றேன். வாரக் கடைசிக்கு ஏங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவரோ வெள்ளிக்கிழமை முழுக்கப் பணத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். இங்கே வெள்ளி என்றால் டாலர். வெள்ளிக்கிழமையும் வெள்ளிதான். அதற்குப் பிறகு கிழமையைச் சொல்லும்போது 'கிழமை'யை விடுவதே இல்லை.

"பசியாறியாச்சா?" என்று காலையில் கேட்டால் காலை உணவு ஆயிற்றா என்று அர்த்தம். அமைச்சகம் இங்கே அமைச்சு. செய்தித்தாளில் வரும் 'வீவக', அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். 'மசேநிதி', மத்திய சேம நிதி. 1935இலிருந்து வரும் தமிழ் முரசைத் தினமும் பத்து நிமிஷம் படித்து, ஒலி 96.8 வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தச் சொற்களெல்லாம் இரண்டு மாதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆறாம் படி: டாக்டரிடம் போகும்போது

வலிக்கு நம்மிடம் எத்தனை சொல்! குத்துகிறது, கடுக்கிறது, சுள்ளென்று இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லப் போனால் எல்லாம் 'பெயின்' என்ற ஒரே சொல்லில் அடங்கிப் போகிறது. அதனால் சொல்லைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். எப்போது தொடங்கியது, விட்டு விட்டு வருகிறதா, தொடர்ந்து இருக்கிறதா, எதைச் செய்தால் கூடுகிறது என்று சொல்லுங்கள். இதற்குச் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களே போதும்.

'மயக்கம்' என்ற சொல்லில் மட்டும் ஜாக்கிரதை. தலை சுற்றினாலும் மயக்கம் என்கிறோம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம் என்கிறோம். டாக்டருக்கு இரண்டும் வேறு வேறு விஷயம். தலை சுற்றலுக்கு இங்கே 'கிடி' என்பார்கள். நினைவு தப்பியிருந்தால் 'ஃபெயின்ட்' என்று தனியாகச் சொல்லுங்கள்.

ஒரு வேடிக்கை. 'உடம்பு சூடு' என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று திண்டாடுவோம். சீன அங்கிள்களிடம் 'ஹீட்டி' என்று சொல்லிப் பாருங்கள். உடனே புரிந்துகொண்டு, எதைத் தின்னக் கூடாது என்று பட்டியலே போடுவார்கள்.

மருந்து கொடுக்கும் இடத்திலும் இரண்டாம் படிதான். எத்தனை மாத்திரை, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று திருப்பிச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏழாம் படி: வாட்ஸ்அப்

நாளும் எண்ணும் இடமும் இருக்கிற செய்தியைக் குரல் பதிவாக அனுப்பாதீர்கள். எழுதினால் பின்னால் தேடி எடுக்கலாம். இரவு ஷிஃப்டில் இருப்பவன் நள்ளிரவு தாண்டி 'நாளைக்கு' என்று எழுதினால் அது எந்த நாள்? தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். ஊர் ஆங்கிலத்தில் 'ப்ரீபோன்', 'டூ தி நீட்ஃபுல்' என்று எழுதுவது இங்கே பல பேருக்குப் புரியாது. நேரத்தை முன்னால் மாற்றுங்கள், இதைச் செய்து தாருங்கள் என்று நேராகவே எழுதலாம். கட்டைவிரல் எமோஜியும் ஒரு வகை 'ஓகே'தான், அதை நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

எட்டாம் படி: சங்கடமான பேச்சு

சம்பளத்தில் குறைகிறது, 'ஓடி' (ஓவர்டைம்) கணக்கு சேரவில்லை. இதைக் கேட்கத்தான் நம் ஆட்கள் தயங்குகிறார்கள். மூன்று மாதம் பொறுத்துக்கொண்டு, நான்காவது மாதம் எல்லார் முன்னாலும் வெடித்துவிடுகிறார்கள். நாலு பேர் முன்னால் கேட்டால் எதிரில் இருப்பவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும். சீனர்களுக்கும் அது நம்மைப் போலவே பெரிய விஷயம். அப்புறம் கணக்கைப் பற்றிய பேச்சே நடக்காது.

முதலில் காகிதத்தை எடுங்கள். 2016 ஏப்ரலிலிருந்து, வேலை நியமனச் சட்டத்துக்குள் வரும் ஊழியர்களுக்கு விவரமான சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம். வீட்டுப் பணிப்பெண்கள் இதில் வரமாட்டார்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓடி பணமும் வந்துவிட வேண்டும். சீட்டையும், நீங்களே எழுதி வைத்த நேரக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தனியாக நேரம் கேட்டுப் போங்கள். "என் கணக்கில் ஓடி 22 மணி நேரம், சீட்டில் 16. எந்த நாள் விட்டுப்போச்சு என்று பார்க்கலாமா?" என்று கேளுங்கள். 'ஏமாத்துறீங்க' என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். எண்ணைக் காட்டினால் அவரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பேசி முடித்ததும் அன்றைக்கே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: இன்று இதைப் பேசினோம், இந்தத் தேதிக்குள் சரிசெய்வதாகச் சொன்னீர்கள். இதுவும் திருப்பிச் சொல்வதுதான், எழுத்தில்.

அப்படியும் தீரவில்லை என்றால் மனிதவள அமைச்சு இருக்கிறது. முதன்முறை வேலைக்கு வருபவர்களுக்கு ஒருநாள் அறிமுக வகுப்பு நடக்கிறது. கட்டுமானத் துறையில் 2018இல் தொடங்கியது, தமிழிலும் நடக்கும். அங்கே யாரிடம் போக வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். தயவுசெய்து அந்த வகுப்பில் தூங்காதீர்கள். நாங்கள் வந்த காலத்தில் அது இல்லை.

ஒன்பதாம் படி: 995

ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995, போலீசுக்கு 999. பதற்றத்தில் என்ன நடந்தது என்பதையே நாலு முறை சொல்லிக்கொண்டிருப்போம். இடத்தை முதலில் சொல்லுங்கள். இங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உண்டு. வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. அந்த ஆறு எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாலே வண்டி வந்துவிடும். சாலையில் இருந்தால் பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள். வேலையிடத்துக் குறியீட்டையும் தங்குமிடத்துக் குறியீட்டையும் இன்றைக்கே எழுதிப் போன் உறைக்குள் செருகிவிடுங்கள்.

பழகிப் பார்க்க ஓர் இடம்

இதையெல்லாம் முதலில் வேலையிடத்தில் செய்து பார்க்கக் கூச்சமாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு காப்பிக் கடைக்குப் போங்கள். வெறும் 'தே' என்றால் கெட்டிப்பால் போட்ட டீ. 'தே-ஓ' என்றால் பால் இல்லாமல், சர்க்கரையோடு. 'தே-சி' என்றால் இனிப்பில்லாத டின் பால் ஊற்றியது. சர்க்கரை வேண்டாம் என்றால் 'கோசோங்', குறைவாக என்றால் 'சியூ தாய்', ஐஸ் வேண்டும் என்றால் 'பெங்'. கட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் 'தாபாவ்'. மலாயும் சீனமும் கலந்த இந்த மொழியில் மூன்று சொல் சேர்த்தால் ஒரு டம்ளர் முழுதும் விளங்கிவிடும்.

நீங்கள் கேட்டதைக் கடைக்கார ஆன்ட்டி உள்ளே பார்த்து உரக்கத் திருப்பிச் சொல்வார். அதைக் காதில் வாங்குங்கள், தப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே கை தூக்குங்கள். நான் முதல் தடவை கேட்டது தே-ஓ-கோசோங். ஆன்ட்டி உள்ளே பார்த்து "கோப்பி-ஓ-கோசோங்" என்றார். நான் தலையை ஆட்டினேன். சர்க்கரை இல்லாத அந்தக் கறுப்புக் காப்பியை ஒரு வெள்ளிக்கு மேல் கொடுத்து முழுதும் குடித்துவிட்டு வந்தேன்.